சிறுவன் அரசன் துட்டன்காமுன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எகிப்து என்றதும் பிரமிடுகளுக்கு அடுத்தபடியாக எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஒரு தங்க முகம். நீலப் பட்டைகள் ஓடும் தலைத்துணி, நெற்றியில் கழுகும் நாகமும், மை தீட்டிய பெரிய கண்கள். அந்த முகத்துக்குரியவர் ஒரு பையன் என்பது பலருக்கும் தெரியும். அவன் எப்படி வாழ்ந்தான், யார் அவனைச் சுற்றி இருந்தார்கள், இறந்த பிறகு அவனுக்கு என்னவெல்லாம் நடந்தது என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. அதனால் இங்கே தங்கத்தைவிட அந்தப் பையனுக்குத்தான் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

துட்டன்காமுன் எந்தக் காலத்தில் ஆண்டார்?

தோராயமாகக் கி.மு. 1332 முதல் கி.மு. 1323 வரை. 18-ஆம் அரச வம்சத்தின் கடைசிக் கட்டம் அது. கிசாவின் பெரிய பிரமிடு அவர் பிறப்பதற்கு ஏறக்குறைய 1,200 ஆண்டுகளுக்கு முன்பே கட்டி முடிக்கப்பட்டுவிட்டது. கிளியோபாட்ரா பிறந்தது அவர் இறந்து 1,200 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. எகிப்து என்றாலே எல்லாரையும் ஒரே காலத்தில் வைத்துப் பார்க்கிற பழக்கம் நமக்கு உண்டு, அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

அரியணை ஏறியபோது வயது எட்டு அல்லது ஒன்பது. இறந்தபோது பதினெட்டு, பத்தொன்பது இருக்கும். ஆட்சி எத்தனை ஆண்டு நீடித்தது என்பதற்கு நல்ல சாட்சி அவருடைய கல்லறையில் இருந்த ஒயின் ஜாடிகள்தான். எந்த ஆட்சியாண்டில் பிழிந்தது, எந்தத் தோட்டம், தயாரிப்பை மேற்பார்த்தவர் யார் என்று ஒவ்வொரு ஜாடியிலும் எழுதி வைக்கும் வழக்கம் இருந்தது. ஒன்பதாம் ஆண்டு என்று குறித்த ஜாடிகள் அங்கே கிடைத்தன.

அவருடைய பெற்றோர் யார்?

இது இன்னும் முழுசாகத் தீராத விஷயம். 2010-இல் எகிப்தியத் தொல்லியலாளர் சாகி ஹவாஸ் தலைமையிலான குழு பல அரச மம்மிகளின் மரபணுவை ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டது. அரசர்களை அடக்கம் செய்த மன்னர்களின் பள்ளத்தாக்கில் 55-ஆம் எண் கல்லறையில் கிடைத்த ஆணின் எலும்புக்கூடுதான் தந்தை என்றும், 35-ஆம் எண் கல்லறையில் கிடைத்த 'இளைய பெண்' என்று அழைக்கப்படும் மம்மிதான் தாய் என்றும் அந்தக் குழு சொன்னது. அந்த இருவரும் உடன்பிறந்தவர்கள் என்பதும் முடிவுகளில் ஒன்று. தந்தை அகனாட்டென் என்பது அந்தக் குழுவின் கருத்து, பெரும்பாலோர் அதை ஏற்கிறார்கள். இவ்வளவு பழைய மம்மிகளிலிருந்து எடுத்த மரபணுவை எந்த அளவுக்கு நம்பலாம் என்று கேட்கிற அறிஞர்களும் இருக்கிறார்கள். எலும்புக்கூட்டின் வயதும் சர்ச்சைக்குரியது.

பெற்றவள் பெயர் நமக்குக் கிடைக்காவிட்டாலும் பால் கொடுத்து வளர்த்தவளின் பெயர் கிடைத்திருக்கிறது: மாயா. சக்காராவில் இருக்கும் அவளுடைய கல்லறையை 1996-இல் பிரெஞ்சு ஆய்வாளர் அலேன் சிவி கண்டுபிடித்தார். அதன் சுவரில் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் குட்டி அரசன். ஒரு செவிலித்தாய்க்கு இப்படியொரு கல்லறை அமைந்ததே அவள்மேல் அரண்மனை வைத்திருந்த மதிப்பைக் காட்டுகிறது.

அகனாட்டென் அப்படி என்ன செய்துவிட்டார்? மகனின் கதையில் அவர் ஏன் இவ்வளவு முக்கியம்?

அவர் செய்ததைப் புரிந்துகொள்ளாமல் மகனைப் புரிந்துகொள்ள முடியாது. நான்காம் ஆமென்ஹோதெப் என்ற பெயரில் அரியணை ஏறியவர், சூரிய வட்டமான ஆட்டெனை மற்ற எல்லாத் தெய்வங்களுக்கும் மேலே தூக்கி வைத்தார். தன் பெயரை அகனாட்டென் என்று மாற்றிக்கொண்டார். தீப்ஸை விட்டுவிட்டு, இன்று அமர்னா என்று அழைக்கப்படும் இடத்தில் வெறும் பாலை நிலத்தில் புதுத் தலைநகர் கட்டினார். பிறகு அதுவரை முதன்மைத் தெய்வமாக இருந்த ஆமுனின் பெயரையே கோயில் சுவர்களிலிருந்து வெட்டி எடுக்க ஆள் அனுப்பினார்.

கோயில் என்றால் அந்த நாட்டில் வழிபாட்டு இடம் மட்டும் இல்லை. நிலம், களஞ்சியம், பட்டறை, மாட்டு மந்தை, ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை என்று எல்லாமே அதைச் சார்ந்திருந்தது. அதை நிறுத்தினால் நாடே ஆட்டம் காணும். பதினேழு ஆண்டு ஆட்சிக்குப் பிறகு அகனாட்டென் இறந்தபோது அப்படித்தான் இருந்தது நிலைமை. இடையில் ஸ்மென்கரே, நெஃபர்நெஃபருவாட்டென் என்ற இரண்டு பெயர்கள் வந்து போகின்றன. அவர்களுக்குப் பிறகு அந்தச் சுமை ஒரு சிறுவனின் தலையில் வந்து விழுந்தது.

எட்டு ஒன்பது வயதுப் பையன் எப்படி ஒரு நாட்டை ஆள முடியும்?

முடியாது. ஆண்டவர்கள் பெரியவர்கள். அரண்மனையில் நெடுநாள் செல்வாக்கோடு இருந்த முதியவர் ஆய், படைத்தலைவர் ஹோரெம்ஹெப், கருவூலத்தைப் பார்த்துக்கொண்ட மாயா (செவிலித்தாயின் பெயரும் இதேதான், ஆனால் இவர் வேறு ஆள், ஆண்), தெற்கே நூபியாவை நிர்வகித்த ஹூய் ஆகியோர்தான் முக்கியமானவர்கள். ஹூயின் கல்லறைச் சுவரில் நூபியத் தலைவர்கள் தங்கமும் தோலும் கால்நடைகளும் கொண்டுவந்து இளம் அரசனின் முன் வைக்கும் காட்சி இன்றும் நிறம் மாறாமல் இருக்கிறது.

ஆனால் கடைசிவரை அவரைப் பொம்மையாகவே வைத்திருந்தார்கள் என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பதினேழு, பதினெட்டு வயது என்பது அந்தக் காலத்தில் முழு ஆண்மகனுக்குரிய வயது. கல்லறையில் கிடைத்த தேர்களில் சில ஓடித் தேய்ந்தவை. ஒரு தங்க விசிறியில் அவர் தேரில் நின்று நெருப்புக்கோழி வேட்டையாடும் காட்சியும், அந்த விசிறியின் இறகுகள் அந்த வேட்டையிலேயே கிடைத்தவை என்ற குறிப்பும் இருக்கின்றன. இன்னும் சில ஆண்டுகள் உயிரோடு இருந்திருந்தால் அந்தப் பெரியவர்களை மீறி அவர் தனக்கென்று ஒரு வழியை எடுத்திருக்கக்கூடும்.

பெயரை ஏன் மாற்றிக்கொண்டார்?

பிறக்கும்போது வைத்த பெயர் துட்டன்காட்டென், அதாவது ஆட்டெனின் உயிருள்ள உருவம். ஆட்சியின் முதல் சில ஆண்டுகளிலேயே அது துட்டன்காமுன் ஆனது. ராணி அங்கெசென்பாட்டென் அதேபோல அங்கெசெனாமுன் ஆனாள். பழைய தெய்வங்களிடம் நாடு திரும்பிவிட்டது என்பதை ஊருக்கெல்லாம் அறிவிக்க இதைவிடத் தெளிவான வழி இல்லை. அரசவை அமர்னாவை விட்டுக் கிளம்பியது, அந்த நகரம் ஆளில்லாமல் போனது.

இந்த மாற்றத்தின் முழு அறிக்கையும் கல்லில் இருக்கிறது. கர்னாக் கோயிலில் 1905-இல் கிடைத்த அந்தக் கல்வெட்டை மீட்புக் கல்வெட்டு என்பார்கள். எலிஃபன்டைன் தீவிலிருந்து வடக்கே டெல்டாவின் சதுப்பு நிலம்வரை கோயில்கள் பாழாகிக் கிடந்தன, முற்றங்களில் களை முளைத்துவிட்டது, தெய்வங்கள் இந்த நாட்டுக்கு முதுகைக் காட்டிவிட்டன, படை அனுப்பினால் வெற்றி கிடைக்கவில்லை, கூப்பிட்டாலும் எந்தத் தெய்வமும் வருவதில்லை என்று அடுக்கிக்கொண்டே போகிறது. பிறகு இந்த அரசன் வந்து புதுச் சிலைகள் செய்தான், பூசாரிகளை நியமித்தான், கோயில்களின் வருமானத்தைப் பெருக்கினான் என்கிறது. தந்தையின் பெயரை அது எங்கேயும் சொல்லவில்லை. மகனின் பெயரில், மகனுக்கு விவரம் புரியாத வயதிலேயே, தந்தையின் வாழ்நாள் வேலையைத் துடைத்துப் போட்டுவிட்டார்கள்.

அப்புறம் அந்தக் கல்வெட்டுக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். பின்னால் ஹோரெம்ஹெப் அதில் துட்டன்காமுன் பெயரைச் செதுக்கி எடுத்துவிட்டுத் தன் பெயரைப் பொறித்துக்கொண்டார்.

திருமணம் ஆனதா? குழந்தைகள் உண்டா?

அகனாட்டெனுக்கும் நெஃபர்டீட்டிக்கும் பிறந்த மகள்களில் ஒருத்திதான் அங்கெசெனாமுன். அரச குடும்பத்துக்குள் இப்படி மணம் செய்துகொள்வது அங்கே வழக்கம். தங்கச் சிம்மாசனத்தின் முதுகுப் பலகையில் அவள் அவர் தோளில் நறுமண எண்ணெய் தடவுகிறாள், மேலே ஆட்டெனின் கதிர்கள் குட்டிக் கைகளாக இறங்குகின்றன. புது மதம் போன பிறகும் அந்த நாற்காலியைத் தூக்கிப் போட யாருக்கும் மனம் வரவில்லை போலும்.

குழந்தைகள் தங்கவில்லை. கல்லறையின் கருவூல அறையில் ஒரு சாதாரண மரப்பெட்டி இருந்தது. உள்ளே இரண்டு சிறிய சவப்பெட்டிகள், ஒவ்வொன்றிலும் இன்னொரு பெட்டி, அதற்குள் பதப்படுத்தப்பட்ட ஒரு சிசு. ஒன்று கருவில் ஐந்து மாதம் வளர்ந்திருந்தது, மற்றொன்று ஏறக்குறைய முழு வளர்ச்சி அடைந்திருந்தது. இரண்டும் பெண். மரபணுச் சோதனையும் அவர்கள் துட்டன்காமுனின் மகள்களாகவே இருக்க வாய்ப்புண்டு என்கிறது. பெயர்கூட வைக்கப்படவில்லை. அந்தக் கல்லறையில் கிடைத்த ஐயாயிரத்துச் சொச்சம் பொருள்களில் என்னை மிகவும் பாதிப்பது இந்தப் பெட்டிதான். தங்களுக்குப் பிறகு அரியணைக்கு ஒரு பிள்ளை வேண்டும் என்று இந்த இளம் தம்பதிமேல் எவ்வளவு நெருக்கடி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எப்படி இறந்தார்? கொலை என்று சொல்கிறார்களே?

கொலை என்ற பேச்சு 1968-இல் கிளம்பியது. அந்த ஆண்டு எடுத்த எக்ஸ்ரேயில் மண்டைக்குள் எலும்புத் துண்டுகள் தெரிந்தன. பின்மண்டையில் யாரோ அடித்துவிட்டார்கள் என்று கதை பரவியது. ஆய் மேல் சந்தேகம், ஹோரெம்ஹெப் மேல் சந்தேகம். 2005-இல் மம்மியை சிடி ஸ்கேன் செய்தபோது அடிபட்ட காயத்துக்கான அடையாளமே இல்லை என்று தெரிந்தது. அந்தத் துண்டுகள் இறந்த பிறகு உடைந்து விழுந்தவை.

அதே ஸ்கேனில் வேறொன்று தெரிந்தது. இடது தொடை எலும்பு முழங்காலுக்கு மேலே முறிந்திருக்கிறது, ஆறியதற்கான அறிகுறி இல்லை. இறப்பதற்குச் சில நாள் முன்பு ஏற்பட்ட முறிவாக இருக்கலாம் என்பது ஒரு கருத்து. 2010 ஆய்வில் கடுமையான மலேரியாக் கிருமியின் மரபணுவும் கிடைத்தது. இடது பாதத்தில் எலும்பு நோயும் வளைவும் இருந்ததாக அந்த ஆய்வு சொன்னது. கல்லறையில் கிடைத்த 130 கைத்தடிகளை அதோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. கைத்தடி அந்தஸ்தின் அடையாளமும்கூட, பாதம் பற்றிய முடிவை ஏற்காத மருத்துவர்களும் இருக்கிறார்கள். ஆகவே நொண்டி அரசன் என்று தீர்ப்பு எழுதுவது சரியில்லை. கால் முறிவும் மலேரியாவும் சேர்ந்து பலவீனமான ஒரு உடலைச் சாய்த்திருக்கலாம் என்பதுவரை போகலாம்.

இறந்த பருவம் மட்டும் ஓரளவு தெரியும். உடலின் மேல் வைத்த மாலைகளில் இருந்த பூக்களையும் பழங்களையும் வைத்து, அடக்கம் நடந்தது மார்ச் நடுப்பகுதி முதல் ஏப்ரல் கடைசிக்குள் என்று கணிக்கிறார்கள். பதப்படுத்த எழுபது நாள் ஆகும். அப்படியென்றால் இறந்தது குளிர்காலத்தில்.

அவருக்குப் பிறகு ராணிக்கு என்ன ஆனது?

இன்றைய துருக்கிப் பகுதியில் இருந்த ஹிட்டைட் நாட்டு அரசன் சுப்பிலுலியுமாவுக்கு எகிப்திலிருந்து ஒரு கடிதம் போனது. அவருடைய மகன் முர்சிலி தொகுக்கச் செய்த ஆவணத்தில் அது பதிவாகியிருக்கிறது. என் கணவர் இறந்துவிட்டார், எனக்கு மகன் இல்லை, உங்களுக்குப் பல மகன்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள், ஒருவரை அனுப்பினால் அவரைக் கணவராக ஏற்பேன், என் வேலைக்காரன் ஒருவனை மணக்க மாட்டேன் என்று எழுதியவள் ஒரு எகிப்திய ராணி. அவள் அங்கெசெனாமுன்தான் என்று பலர் கருதுகிறார்கள். அகனாட்டெனின் மனைவியாக இருக்கலாம் என்பாரும் உண்டு.

சுப்பிலுலியுமா நம்பவில்லை. விசாரிக்க ஆள் அனுப்பினார், பிறகு சன்னன்சா என்ற மகனை அனுப்பினார். அந்த இளவரசன் அந்தப் பயணத்தில் இறந்துபோனான். எகிப்தியர்கள் கொன்றார்கள் என்று தந்தை முடிவு செய்து படையெடுத்தார். எகிப்தில் அரசனானவர் ஆய். ஆயின் பெயரும் அங்கெசெனாமுன் பெயரும் சேர்ந்து பொறித்த ஒரு மோதிரம் இருக்கிறது. அதற்குப் பிறகு அவளைப் பற்றிய தடயமே இல்லை.

வரலாற்றில் அவர் பெயர் மறைந்தது எப்படி?

மறைத்தார்கள். ஆய் சுமார் நான்கு ஆண்டு ஆண்டார், அடுத்து ஹோரெம்ஹெப். அபிடோஸ் கோயிலில் பின்னால் வந்த அரசர் முதலாம் சேத்தி செதுக்கச் செய்த அரசர் பட்டியல், அகனாட்டெனின் தந்தை மூன்றாம் ஆமென்ஹோதெப்பிலிருந்து நேராக ஹோரெம்ஹெப்புக்குத் தாவுகிறது. அகனாட்டென் முதல் ஆய் வரை ஒருவருக்கும் இடமில்லை. பழைய தெய்வங்களைத் திரும்பக் கொண்டுவந்தவன் என்ற மரியாதைகூட அந்தப் பையனுக்குக் கிடைக்கவில்லை.

கொள்ளையர்களிடமிருந்து அந்தக் கல்லறை எப்படித் தப்பியது?

முழுசாகத் தப்பவில்லை. அடக்கம் நடந்து கொஞ்ச காலத்துக்குள்ளேயே இரண்டு முறை திருடர்கள் நுழைந்திருக்கிறார்கள். எண்ணெய், தைலம், துணி, சிறு நகை என்று தூக்கிப் போகக்கூடியதை எடுத்தார்கள். தைல ஜாடிகளின் உட்புறத்தில் விரல் தடங்கள் அப்படியே இருந்தன. ஒரு துணியில் முடிந்து வைத்த தங்க மோதிரங்களும் கிடைத்தன. அவசரத்தில் போட்டுவிட்டு ஓடியிருக்க வேண்டும். காவலர்கள் வந்து ஓரளவு ஒழுங்குபடுத்திவிட்டு வாசலை மறுபடி முத்திரையிட்டார்கள்.

அதன்பிறகு பள்ளத்தாக்கில் ஓடிய வெள்ளம் வாசலின் மேல் மண்ணைக் கொட்டியது. பக்கத்திலேயே ஆறாம் ராம்செஸின் கல்லறையைக் குடைந்தவர்கள் தங்கள் குடிசைகளை அந்த இடத்தின் மேலேயே போட்டுக்கொண்டார்கள். கீழே ஒரு அரசன் இருக்கிறான் என்று அவர்களுக்கே தெரியாது. பட்டியலிலும் பெயர் இல்லாததால் பின்னால் வந்தவர்கள் யாரும் தேடவில்லை.

கண்டுபிடித்தது எப்படி?

ஹோவார்ட் கார்ட்டர் பதினேழு வயதில் ஓவியம் வரையும் வேலைக்காக எகிப்துக்கு வந்தவர். பெரிய படிப்பு இல்லை, பொறுமை உண்டு. செலவைப் பார்த்துக்கொண்டவர் கார்னர்வான் பிரபு. அவர்களுக்கு முன் அங்கே தோண்டிய தியோடர் டேவிஸ், பள்ளத்தாக்கில் இனி எதுவும் மிச்சமில்லை என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். ஆனால் டேவிஸுக்குக் கிடைத்த சில துண்டுப் பொருள்களிலேயே துட்டன்காமுன் பெயர் இருந்தது. கார்ட்டரின் நம்பிக்கைக்கு அதுதான் காரணம்.

1917-இலிருந்து பல பருவங்கள் தோண்டியும் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. கார்னர்வான் போதும் என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டார். கடைசியாக ஒரு பருவம் என்று கேட்டு வாங்கித் தோண்டியபோது, 1922 நவம்பர் 4 அன்று அந்தக் குடிசைகளின் அடியில் முதல் படி தெரிந்தது. கார்னர்வான் இங்கிலாந்திலிருந்து வந்து சேரும்வரை கார்ட்டர் காத்திருந்தார். நவம்பர் 26 அன்று இரண்டாம் கதவில் சிறு ஓட்டை போட்டு மெழுகுவர்த்தியை நீட்டிப் பார்த்தார். ஏதாவது தெரிகிறதா என்று பின்னாலிருந்து கேட்டதற்கு, அற்புதமான பொருள்கள் தெரிகின்றன என்றார்.

படத்தில் எப்போதும் கார்ட்டர் மட்டுமே இருப்பார். தோண்டியவர்கள் எகிப்தியர்கள். அகமத் கெரிகர், காத் ஹசன், ஹுசேன் அபு அவாத், ஹுசேன் அகமத் சயித் ஆகிய நான்கு மேஸ்திரிகளுக்கும் கார்ட்டர் நன்றி தெரிவித்திருக்கிறார். அவர்களின் கீழ் வேலை செய்த ஆண்கள், சிறுவர்கள் பெரும்பாலோர் ஹாரி பர்ட்டன் எடுத்த புகைப்படங்களில் பெயரில்லாமல் நிற்கிறார்கள். பொருள்களைப் பள்ளத்தாக்கிலிருந்து நைல் கரைவரை தள்ளுவண்டிப் பாதையில் கொண்டுபோனதும் அவர்கள்தான். தண்டவாளம் போதாததால் வண்டி நகர நகரப் பின்னாலிருந்து பெயர்த்து முன்னால் போட்டுக்கொண்டே போனார்கள், அதுவும் கோடை வெயிலில்.

உள்ளே என்னதான் இருந்தது?

மொத்தம் 5,398 பொருள்கள். நான்கே நான்கு சிறிய அறைகள். ஒரு அரசனுக்கு இவ்வளவு சிறிய கல்லறை இருக்காது. வேறு யாருக்கோ குடைந்ததை அவசரமாக மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். வீடு மாற்றும்போது கடைசி அறையில் சாமான்களை அள்ளிப் போட்டதுபோல எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. வரிசைப்படுத்தி, மெழுகு பூசி, படமெடுத்து வெளியே கொண்டுவர பத்து ஆண்டுகள் ஆயின.

தங்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பொன்முலாம் பூசிய நான்கு பேழைகள் ஒன்றுக்குள் ஒன்று, அதற்குள் கல் சவப்பெட்டி, அதற்குள் மூன்று சவப்பெட்டிகள். கடைசிப் பெட்டி முழுக்கத் தங்கம், 110 கிலோ. முகக்கவசம் மட்டும் 10 கிலோவுக்குமேல், உயரம் 54 சென்டிமீட்டர். உடலைச் சுற்றிய துணிகளுக்குள் 143 பொருள்கள். அதில் ஒரு கத்தி இரும்பு. எகிப்தில் அப்போது இரும்பு உருக்கத் தெரியாது. 2016-இல் வெளிவந்த ஆய்வில் அதிலுள்ள நிக்கல், கோபால்ட் அளவை வைத்து அது விண்கல் இரும்பு என்று உறுதியானது. அவர்களுக்கு அது தங்கத்தைவிட அரிது.

இனி எனக்குப் பிடித்தவை. அவர் சிறுவனாக உட்கார்ந்த குட்டி நாற்காலி. கைக்கு மாட்டும் லினன் உறைகள். சேனெட் என்ற ஆட்டத்துக்கான பலகைகள். மடக்கி எடுத்துப்போகும் கட்டில். எதிரிகளின் உருவத்தை உள்ளங்காலில் மிதித்தபடி நடக்கும்படி செய்த செருப்பு. சுமார் 145 கோவணத் துணிகள். பாட்டி தீயீயின் ஒரு கற்றை முடி, பெயர் பொறித்த சிறு பெட்டிக்குள். தங்க வேலைப்பாடு செய்த ஒரு சாதாரண நாணல் தடி, அரசர் தம் கையால் வெட்டியது என்ற குறிப்போடு. ஒரு நாள் ஆற்றங்கரையில் அவர் ஒரு நாணலை ஒடித்திருக்கிறார், பக்கத்தில் இருந்தவர்கள் அதை எடுத்து வைத்திருக்கிறார்கள்.

சாப்பாடும் வைத்திருந்தார்கள்: ரொட்டி, மரப்பெட்டிகளில் வாத்தும் மாட்டிறைச்சியும், தேன், பூண்டு, கொண்டைக்கடலை, கொத்தமல்லி விதை, வெந்தயம், கருஞ்சீரகம். அந்த உலகத்தில் பசிக்கக்கூடாது என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து இதையெல்லாம் யோசித்திருக்கிறார். இரண்டு எக்காளங்களும் இருந்தன, ஒன்று வெள்ளி. 1939-இல் அவற்றை ஊதி பிபிசி வானொலியில் ஒலிபரப்பினார்கள்.

எல்லாமே அவருக்காகச் செய்தவையும் இல்லை. உள்ளுறுப்புகளை வைத்த சிறு தங்கப் பெட்டிகளின் உட்புறத்தில் முந்தைய ஆட்சியாளர் நெஃபர்நெஃபருவாட்டெனின் பெயர் திருத்தி எழுதப்பட்டிருக்கிறது. பையன் திடீரென்று இறந்ததால் இருப்பதைக் கொண்டு சமாளித்திருக்கிறார்கள்.

மம்மியை எப்படிக் கையாண்டார்கள்?

மோசமாக. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அடக்கத்தின்போது ஊற்றிய தைலமும் பிசினும் இறுகி, உடல் சவப்பெட்டியோடும் கவசத்தோடும் ஒட்டிக்கொண்டுவிட்டது. வெயிலில் வைத்துப் பார்த்தார்கள், இளகவில்லை. 1925 நவம்பரில் டக்ளஸ் டெர்ரி, சாலே பே ஹம்தி என்ற இரண்டு மருத்துவர்கள் பரிசோதனையைத் தொடங்கினார்கள். நகைகளை எடுக்கக் கை கால்களைத் தனித்தனியாகப் பிரித்தார்கள், தலை உடலிலிருந்து பிரிந்தது, சூடாக்கிய கத்திகளை வைத்துக் கவசத்திலிருந்து பெயர்த்தார்கள். பிறகு மணல் தட்டில் துண்டுகளை அடுக்கி, முழு உடல்போலத் தெரியும்படி வைத்துக் கல்லறைக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஒவ்வொரு மணியையும் குறித்து வைத்த அதே குழு, உடலை இப்படித்தான் நடத்தியது.

சாபம் உண்மையா?

இல்லை. கல்லறைக் கதவில் சாபம் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. கார்னர்வான் 1923 ஏப்ரல் 5 அன்று கெய்ரோவில் இறந்தார். கொசு கடித்த இடத்தைச் சவரக் கத்தி கீறி, அது சீழ்பிடித்து, ரத்தத்தில் நஞ்சாகி, நிமோனியாவில் முடிந்தது. ஏற்கெனவே உடல்நலம் குன்றியவர். செய்தி கிடைக்காத பத்திரிகைகளுக்கு அது நல்ல தீனி.

கல்லறைக்குள் முதலில் நுழைந்தவர்களில் ஒருவரான கார்னர்வானின் மகள் ஈவ்லின் 1980 வரை வாழ்ந்தார். கார்ட்டர் 1939-இல் 64 வயதில் புற்றுநோயால் இறந்தார். அங்கே இருந்த மேற்கத்தியர்களின் ஆயுளைக் கணக்கிட்டு 2002-இல் ஒரு மருத்துவ இதழில் வந்த ஆய்விலும் கல்லறைக்குள் போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை.

அந்தப் பொருள்கள் ஏன் பிரிட்டனுக்குப் போகவில்லை?

காலம் எகிப்தின் பக்கம் இருந்தது. 1922 பிப்ரவரியில்தான் பிரிட்டன் எகிப்தின் சுதந்திரத்தை ஒப்புக்கொண்டது. ஒன்பது மாதத்தில் இந்தக் கல்லறை. கார்னர்வானோ செய்தி வெளியிடும் உரிமையை லண்டனின் டைம்ஸ் பத்திரிகைக்கு மட்டும் விற்றார். தங்கள் நாட்டில், தங்கள் மூதாதையைப் பற்றிய செய்தியை லண்டன் பத்திரிகையைப் பார்த்து எழுத வேண்டிய நிலை எகிப்தியப் பத்திரிகைகளுக்கு. கோபம் வராமல் எப்படி இருக்கும்?

1924 பிப்ரவரியில் மோதல் வெடித்தது. குழுவினரின் மனைவிமார் உள்ளே வர அனுமதி மறுக்கப்பட்டதும், கல் சவப்பெட்டியின் மூடியைக் கயிற்றில் தொங்கவிட்டபடியே கார்ட்டர் வேலையை நிறுத்திக் கதவைப் பூட்டினார். அரசு தன் பூட்டைப் போட்டது. பிரதமர் சாத் சக்லூலின் அரசு மார்ச் மாதம் கல்லறையைத் திறந்து விழா நடத்தியது. அடுத்த ஆண்டு எகிப்தின் நிபந்தனைகளை ஏற்றுத்தான் கார்ட்டர் திரும்ப முடிந்தது. கார்னர்வான் குடும்பத்துக்குச் செலவுக்காகச் சுமார் 36,000 பவுண்டு கொடுக்கப்பட்டது, பொருள்கள் நாட்டிலேயே தங்கின. அப்படியும் சில வெளியே போயின. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் தன்னிடமிருந்த 19 சிறு பொருள்கள் இந்தக் கல்லறையைச் சேர்ந்தவை என்று 2010-இல் ஒப்புக்கொண்டு எகிப்துக்குத் திருப்பித் தந்தது.

கல்லறைச் சுவருக்குப் பின்னால் நெஃபர்டீட்டி இருக்கிறாளா?

2015-இல் எகிப்தியல் அறிஞர் நிக்கோலஸ் ரீவ்ஸ் அப்படியொரு கருத்தை முன்வைத்தார். ராடார் சோதனைகள் ஒன்றுக்கொன்று முரணாக வந்தன. 2018-இல் இத்தாலியின் டூரின் பாலிடெக்னிக் பல்கலைக்கழகக் குழு செய்த விரிவான சோதனையில் மறைவு அறை எதுவும் இல்லை என்று முடிவானது. ரீவ்ஸ் இன்னும் தன் கருத்தை விடவில்லை.

முகக்கவசத்தின் தாடி உடைந்தது என்பது நிஜமா?

ஆமாம். 2014-இல் அருங்காட்சியகத்தில் கையாளும்போது தாடி கழன்றது. எப்பாக்சி பசையால் அவசரமாக ஒட்டியதில் அது வெளியே தெரிந்தது. 2015-இல் ஜெர்மனியின் கிறிஸ்டியன் எக்மன் தலைமையில் பசையைச் சுரண்டி எடுத்துத் தேன்மெழுகால் ஒட்டிச் சரிசெய்தார்கள்.

இப்போது எங்கே பார்க்கலாம்?

பொருள்கள் கிசா பிரமிடுகளுக்கு அருகில் உள்ள மாபெரும் எகிப்திய அருங்காட்சியகத்தில். 2025 நவம்பரில் அது முறைப்படி திறக்கப்பட்டது, கல்லறையிலிருந்து எடுத்தவை அனைத்தும் முதல்முறையாக ஒரே இடத்தில் இருக்கின்றன. கவசத்தின் முன் கூட்டம் குறையாது. அங்கே ஐந்து நிமிடம் நின்றுவிட்டு மீதி நேரத்தைப் பெட்டிகள், துணிகள், தடிகளுக்குக் கொடுங்கள்.

மம்மி லக்சரில் தன் கல்லறையிலேயே, வெப்பமும் ஈரமும் கட்டுப்படுத்தப்பட்ட கண்ணாடிப் பேழையில் இருக்கிறது. அங்கே போனால் வடக்குச் சுவரைப் பாருங்கள். சிறுத்தைத் தோல் போர்த்திய ஆய், இறந்தவர் மறுமையில் பேசவும் உண்ணவும் வேண்டிச் செய்யும் வாய் திறக்கும் சடங்கை அரசனின் மம்மிக்குச் செய்கிறார். மகன் செய்ய வேண்டிய கடமை அது, செய்தவருக்கு அரியணை. கார்ட்டர் வசித்த வீட்டுக்கு அருகில் கல்லறையின் அச்சு அசலான நகலும் 2014 முதல் இருக்கிறது. மனித மூச்சின் ஈரம் ஓவியங்களைக் கெடுக்கிறது என்பதால் நகலைப் பார்ப்பதும் நல்ல முடிவுதான். லக்சர் கோயிலின் தூண் மண்டபத்தில் ஆமுனுக்கு எடுக்கும் ஓபெத் திருவிழாவின் ஊர்வலம் செதுக்கப்பட்டிருக்கிறது. பெயர் ஹோரெம்ஹெப்புடையதாக இருக்கும், வேலை துட்டன்காமுன் காலத்தில் நடந்தது.

நேரில் போக முடியாதவர்களுக்கு ஆக்ஸ்போர்டின் கிரிஃபித் நிறுவனம் கார்ட்டரின் நாட்குறிப்பு, பொருள் அட்டைகள், பர்ட்டனின் புகைப்படங்கள் எல்லாவற்றையும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஒவ்வொரு பொருளும் எந்த மூலையில், எதன்மேல் கிடந்தது என்பதுவரை அதில் தேடிப் பார்க்கலாம்.